அண்ணிக்குப் பிடிக்காது

அத்தியாயம் பதினொன்று

கேதீஸ்வரன் அன்று காலை சவரம் செய்து முடித்துவிட்டு, ஒரு கன்னம் சரியில்லை என்று மறுபடியும் சவர்க்காரம் பூசினான். மைக்குக்குக் கண் இல்லை என்று யோகராணி குசினியிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. தங்கையின் இசைத்தட்டில் பாடப் போகிறவன் ஓர் ஆள் மாதிரிப் போகவேண்டாமா?

போன வாரம் இசைத்தட்டின் முதற் பக்கம் நல்லபடியாக முடிந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம்தான் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள் முழிக்கக்கூடாது என்பதற்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

இரஞ்சிதம் சங்கானையில் ஓர் இசைநாடகக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா இள வயதில் மேடையில் பெண் வேஷம் கட்டிப் பேரெடுத்து, இடுப்பு தடித்த பிறகு ஆர்மோனியத்துக்கு மாறியவர். பெரியப்பா ராஜபார்ட். அந்த வீட்டில் கோழிக்குத் தீன் போடுகிறவர்கூடப் பாடிக்கொண்டுதான் போடுவார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் அவுஸ்திரேலியாவுக்கு வந்து ‘கன்ட்ரி’ பாடகி ஆவாள் என்று எந்தச் சாத்திரியும் சொல்லவில்லை.

கன்ட்ரி என்பதை நாட்டுப்புறப் பாட்டு என்று மொழிபெயர்த்தால் நம்மவர்கள் கும்மியையும் வயலில் பாடும் அருவிவெட்டுப் பாட்டையும் நினைத்துக்கொள்வார்கள். அது வேறு, இது வேறு. லொறி ஓட்டுகிறவன், ஆட்டு மயிர் கத்தரிக்கிறவன், புருஷன் விட்டுப் போனவள் எல்லாருடைய வயிற்றெரிச்சலையும் கிட்டாரோடு சேர்த்துப் பாடுவது இது. மெல்பேர்னுக்கு வந்த இரஞ்சிதம் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டில் தள்ளும் வேலையில் சேர்ந்தாள். அங்கே கிறிஸ்து பிறப்புக்கு வைத்த நத்தார் விருந்தில் ரேடியோவில் கேட்டுப் பழகிய ஒரு பாட்டைப் பாடினாள். அதைக் கேட்ட ஒருவர் வெரிபீயில் மரக்கறித் தோட்டக்காரர்களின் மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து பல்லராட், பென்டிகோ என்று விவசாயக் கண்காட்சி மேடைகளுக்கு ஏறிவிட்டாள். மயில்நீலச் சேலை, அதற்குக் கீழே பூட்ஸ். சேலை அண்ணி யோகராணி வாங்கிக் கொடுத்தது.

எந்த ஊருக்குப் போனாலும் அறிவிப்பாளர் அவளை இந்தியாவிலிருந்து வந்தவள் என்பார். அவள் சிலோன் என்று திருத்துவாள். அவர் தேயிலையைப் பற்றி ஒரு பகிடி விடுவார், எல்லாரும் சிரிப்பார்கள். பிறகு அவள் பாடத் தொடங்குவாள், சிரித்தவர்கள் பியர்க் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் அண்ணன் கேதீஸ்வரன் நிற்பான். பொறியியல் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். நீர்த்தேக்கம் கட்டுவதற்கு நிலம் அளக்கும் அரசாங்க இலாகாவில் வேலை. தங்கையின் குரலுக்குக் கீழே இன்னொரு குரலை அவன் போட்டால்தான் அவள் பாட்டு முழுசாகும். சைவப் பிள்ளையாக இருந்தும் படித்த கல்லூரியின் தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்து அவன் பிடித்த வித்தை அது. ஒரே பாட்டை இரண்டு பேர் இரண்டு மாதிரிப் பாடினால் அதற்குப் பெயர் பிழை என்று அப்பா அந்தக் காலத்தில் ஏசியிருக்கிறார். இசைத்தட்டுக் கம்பனிக்காரர் டக் பிரெனன் அப்படி நினைக்கவில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொண்டை, காசு கொடுத்தாலும் இது கிடைக்காது என்றார்.

இவ்வளவுதான் கதை. இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

மல்கிரேவிலிருந்து காரில் போகும்போது இரஞ்சிதத்துக்கு வாய் மூடவில்லை. இரண்டாம் பக்கத்துப் பாட்டு அவளே கட்டியதாம். டக்குக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டதாம். அண்ணனிடம் மட்டும் இத்தனை நாளாக ஒளித்து வைத்திருந்தாள். இப்போதும் தன்னுடைய அடிகளை மட்டுமே பாடிக் காட்டினாள். உங்கள் அடிகள் ஸ்டூடியோவில்தான் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் பாடிய அடிகளில் ஒரு பெண் வாசலில் லைட்டைப் போட்டுவிட்டு, தூர ஊருக்குப் போன புருஷனுக்காகக் காத்திருந்தாள். நல்ல பாட்டு. சோகமும் இருந்தது, நடையும் இருந்தது. கேதீஸ்வரன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான்.

டக் பிரெனன் பழைய காலத்து மனிதர். ஒரே குடும்பத்துக் குரல்கள் என்றால் தனித்தனி மைக் வைக்க மாட்டார். ஒரு மைக்கை நடுவில் தொங்கவிட்டு இரண்டு பேரையும் முகத்துக்கு முகம் நிறுத்தி, ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில் பாட வைப்பார். போன வாரம் ரயிலைப் பற்றிய பாட்டை அப்படித்தான் பாடினார்கள். அண்ணனும் தங்கையும் முகம் பார்த்து ரயிலைப் பற்றிப் பாடுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

இந்த வாரம் இரஞ்சிதம் அவன் அடிகளைப் பாடிக் காட்டினாள். லொறியில் வரும் புருஷன் பதில் சொல்கிறான். கண்ணே, வழி நெடுக உன் முகம்தான் எனக்கு. விடியுமுன் வந்து உன் மடியில் தலை வைப்பேன். இங்கிலீஷில் அது இன்னும் கொஞ்சம் நெருக்கமாகவே இருந்தது.

முதல் தரம் ‘கண்ணே’ வருகிற இடத்தில் கேதீஸ்வரனுக்கு இருமல் வந்தது. இரண்டாம் தரம் அவன் மேலே கூரையைப் பார்த்துப் பாடினான், குரல் மைக்கில் விழவில்லை. பிறகு, அந்தச் சொல்லை ‘தோழி’ என்று மாற்றலாமா என்று டக்கிடம் கேட்டான். லொறிக்காரன் எவனும் பெண்சாதியைத் தோழி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை என்று டக் சிரித்தார். இந்த நாட்டில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து காதல் பாட்டுப் பாடுவது சர்வசாதாரணம் என்றும், பாட்டில் வருகிறவர்கள் வேறு ஆட்கள்தானே என்றும் பொறுமையாகச் சொன்னார். கேதீஸ்வரன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வெளியே போனான்.

நடைபாதையில் இரஞ்சிதம் அவனைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

“அப்பா பொம்பிளை வேஷம் கட்டிக்கொண்டு பெரியப்பாவைப் பாத்துப் ‘பிராணநாதா’ எண்டு பாடினவர். சொந்த அண்ணன் தம்பி. ஊரே இருந்து பாத்தது.”

“அது ஆம்பிளையும் ஆம்பிளையும்.”

“அப்ப நான் மீசை வைச்சுக்கொண்டு வந்தால் பாடுவியளோ?”

அவனுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. வந்திருந்தால் இந்தக் கதை இந்த வாரத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கும்.

அவன் மனதில் கிடந்தது வேறொன்று. போன மாதம் பல்லராட்டில், போஸ்டரில் இரண்டு பேருக்கும் ஒரே பின்பெயர் இருந்ததைப் பார்த்து, அறிவிப்பாளர் இவர்களைப் புருஷன் பெண்சாதி என்று அறிமுகம் செய்துவிட்டார். இரஞ்சிதம் கிட்டாரின் சுதி பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. கேதீஸ்வரன் கவனித்தான். இப்போது காதல் பாட்டும் பாடி, அது ரேடியோவிலும் போனால் நாடு முழுக்க அப்படித்தானே நினைக்கும்? ஸ்பிரிங்வேலிலும் மல்கிரேவிலும் இருக்கிற நம்முடைய ஆட்கள் ரேடியோவைப் பூட்டி வைத்துவிட்டா இருக்கிறார்கள்? நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமா?

இதை அப்படியே தங்கையிடம் சொல்லியிருக்கலாம். அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இசைத்தட்டு உறையிலேயே அண்ணனும் தங்கையும் என்று பெரிதாகப் போடச் சொல்லி டக்கைப் பிடித்திருப்பாள். ஆனால் அந்த வார்த்தையைத் தங்கைக்கு முன்னால் எடுத்துச் சொல்லவே கேதீஸ்வரனுக்குக் கூசியது. அதனால் நம் ஆண்கள் வழக்கமாகச் செய்வதை அவனும் செய்தான்.

“உன்ர அண்ணிக்குப் பிடிக்காது,” என்றான்.

இந்த வசனத்துக்குப் பின்னால் எத்தனை புருஷன்மார் ஒளித்திருக்கிறார்கள் என்று எண்ணி முடியாது. சீட்டாடக் கூப்பிட்டால் மனுசிக்குப் பிடிக்காது. யாரோ வீட்டுச் சடங்குக்குக் கூப்பிட்டால் மனுசிக்குச் சுகமில்லை. அந்த மனுசி தன் பேரில் உலகத்தில் என்னென்ன மறுப்புகள் உலாவுகின்றன என்று தெரியாமல் வீட்டில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருப்பாள். பெரும்பாலும் இதனால் ஒரு நட்டமும் வருவதில்லை. கேதீஸ்வரனும் அப்படித்தான் நினைத்தான்.

இரஞ்சிதத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணி அப்பிடிச் சொன்னவவோ?”

“ஓம்.”

“எப்ப?”

“காலமைதான். ரஞ்சியோட இந்த மாதிரிப் பாட்டெல்லாம் பாட வேண்டாம் எண்டவ.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு பூட்சின் நுனியைப் பார்த்தபடி நின்றாள். தங்கை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது கேதீஸ்வரனுக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணி என்றால் அவ்வளவு மரியாதை என்று எடுத்துக்கொண்டான். அவள் முகம் ஏன் அப்படிச் செத்துப்போனது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

“சரி அண்ணா. நீங்கள் பாட வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

*

டக் விடவில்லை. நடுவில் ஒரு மறைப்பு வைக்கிறேன், வேண்டுமானால் வேறு அறையில் நின்று பாடு என்றார். கேதீஸ்வரனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மறைப்பு இருந்தால் ஒருவேளை பாடிவிடுவான். ஆனால் பெண்சாதியின் பேரில் மறுத்தாகிவிட்டது. அந்தப் பெண்சாதிக்கு மறைப்பு வைத்தால் மட்டும் திடீரென்று பிடித்துவிடுமா? சொன்ன பொய்க்கு மரியாதை கொடுத்துத் தலையை ஆட்டிவிட்டான்.

டக் போன் எடுத்து ரெஜ் என்பவரைக் கூப்பிட்டார். ரெஜ் பல வருடம் லொறி ஓட்டிவிட்டுப் பாட வந்த மனிதர். இப்போது டக் நடத்தும் ஊர் சுற்றும் கச்சேரிக் குழுவில் பாடுகிறார். வந்தார், தொப்பியைக் கழற்றினார், இரஞ்சிதத்துக்கு வணக்கம் சொன்னார், பாட்டை ஒருமுறை கேட்டார், பாடினார்.

கேதீஸ்வரன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தான். ரெஜ் சொதப்பிவிடுவார், டக் கையை விரிப்பார், தங்கை தன்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு அவனுக்கு இருந்தது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பாட்டு நன்றாகவே வந்தது. கேதீஸ்வரனின் குரல் ஏறியிருக்கும் இடத்தில் ரெஜ் இறங்கினார், அதுவும் ஒரு அழகாகத்தான் இருந்தது. அவன் இல்லாமலும் அவள் பாடுவாள் என்பதை அந்தக் கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்துதான் அவன் முதன்முதலாகக் கண்டான்.

பதிவு முடிந்ததும் டக் பழைய பேச்சை மறுபடி எடுத்தார். குழு அன்று பின்னேரமே சிட்னிப் பக்கம் புறப்படுகிறது, அங்கிருந்து குயின்ஸ்லாந்து முழுக்கச் சுற்றும், ஒரு பாடகியின் இடம் காலியாக இருக்கிறது. ஒரு வாரமாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணனையும் அண்ணியையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இரஞ்சிதம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு, வருகிறேன் என்றாள். அண்ணனைப் பார்க்காமலே சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கேதீஸ்வரன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். ஆஸ்பத்திரி வேலை என்னாவது, ஊருக்கு என்ன எழுதுவது, மொட்டலில் எல்லாம் ஒரு பெண்பிள்ளை தனியத் தங்குவதா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் அவள் சமாளிக்கலாம் என்றே பதில் சொன்னாள். வீட்டில் யோகராணி இல்லை. சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடும் என்று ஸ்பிரிங்வேலுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். அவள் இல்லாதது இரஞ்சிதத்துக்கு நல்லதாகப் போயிற்று. அவசர அவசரமாக ஒரு பெட்டி கட்டினாள். அரை மணித்தியாலத்துக்குள் ரெஜ்ஜின் கார் வாசலில் வந்து நின்றது.

“அண்ணியைப் பாத்திட்டுப் போ,” என்றான் கேதீஸ்வரன்.

“வேண்டாம் அண்ணா. என்னிலை கோவிக்க வேண்டாம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

அவள் அண்ணனைக் கட்டிப்பிடித்துவிட்டுக் காரில் ஏறினாள்.

*

யோகராணி மீன் பையோடு உள்ளே வந்தபோது அவள் முகம் காலையில் போலவே மலர்ந்திருந்தது. பையை வைக்கக்கூட இல்லை, பாட்டு எப்படி வந்தது என்று கேட்டாள். நீங்கள் எப்படிப் பாடினீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டாள். கேதீஸ்வரன் பத்திரிகையை மடித்து வைத்து மறுபடி விரித்தான்.

அவள் தன் அறைக்குள் போனாள். கட்டிலில் மயில்நீலச் சேலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

ரஞ்சி எங்கே என்று கேட்டாள். அவன் சொன்னான். ஏன் போனாள் என்று கேட்டாள். ரெஜ் பாடியதைச் சொன்னான். நீங்கள் ஏன் பாடவில்லை என்று கேட்டாள். இப்படி ஒவ்வொரு முள்ளாக எடுத்து எடுத்து, கடைசியில் அவள் அந்த ஒரு வசனத்துக்கு வந்து சேர்ந்தாள்.

“எனக்குப் பிடிக்காது எண்டோ சொன்னனீங்கள்?”

“சும்மா ஒரு கதைக்கு. உமக்கும் உந்தப் பாட்டு ஒருவேளை...”

யோகராணி சேலையோடு கதிரையில் இருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறைந்துவிடும். அன்றைக்கு அவன் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

“அது நானும் அவளும் குசினியிலை இருந்து கட்டின பாட்டு.”

கேதீஸ்வரன் பத்திரிகையைக் கீழே வைத்தான்.

“நீங்கள் நிலம் அளக்க மலைப்பக்கம் போற நாளையிலை நான் வாசல் லைட்டை நூக்கிறதில்லை, விடியுமட்டும் எரியும். அவள் கண்டிட்டு ஏன் எண்டு கேட்டவள். நான் தமிழிலை சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசிலை ஆக்கினவள். நீங்கள் பாட இருந்த அடியும் நான் சொன்னதுதான்.” அவள் கொஞ்சம் நிறுத்தினாள். “எனக்கு ஒருநாளும் சொல்லாததை ஒரு பாட்டிலையாவது சொல்லுவியள் எண்டு ஆசையா இருந்தது. அவ்வளவுதான்.”

கேதீஸ்வரனுக்கு நடைபாதையில் தங்கையின் முகம் செத்துப்போனது இப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்து சிரித்துச் சிரித்துப் பாட்டைக் கட்டிக் கொடுத்த அண்ணி, பின்னால் போய்ப் புருஷனிடம் பாட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இரஞ்சிதம் அப்படித்தானே நினைத்திருப்பாள்? வேறு எப்படி நினைப்பாள்? சேலையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனதும் அதனால்தான்.

தாயும் தகப்பனும் இல்லாத இந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரு சிநேகிதி அண்ணிதான். அதைத்தான் அவன் ஒரு வாய் வார்த்தையில் உடைத்துவிட்டான்.

யோகராணி அழவில்லை. எழும்பி வந்து கார்ச் சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“அவள் போறதெண்டால் போகட்டும், நல்லாப் பாடட்டும். ஆனா நான் இரண்டு நாக்குக்காரி எண்டு நினைச்சுக்கொண்டு போகக்கூடாது. போய்ச் சொல்லுங்கோ.”

“நீரும் வாருமன்.”

“நான் வந்து நிண்டால் நான்தான் உங்களை இழுத்துக்கொண்டு வந்து சொல்ல வைக்கிறன் எண்டு நினைப்பாள். நீங்கள் தனியப் போய்ச் சொன்னால்தான் நம்புவாள்.”

*

குழு புறப்படும் மொட்டல் நகரத்தின் வடக்கு ஓரத்தில், சிட்னி நெடுஞ்சாலையில் இருந்தது. மல்கிரேவிலிருந்து அது ஒரு நீண்ட ஓட்டம். அங்கே போய்ச் சேரும்வரை கேதீஸ்வரன் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனான். ரஞ்சி, நான் பொய் சொன்னனான். நாலு சொல். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

குளிர்காலப் பொழுது சரியத் தொடங்கியிருந்தது. மொட்டல் முற்றத்தில் கார்களுக்குப் பின்னால் வண்டில்களைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ பான்ஜோவைத் தட்டிப் பார்த்தார்கள். இரஞ்சிதம் ரெஜ்ஜோடு சேர்ந்து ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் பெட்டியை வைத்துவிட்டு ஓடி வந்தாள். அவள் முகம் மத்தியானத்தைவிடத் தெளிவாக இருந்தது.

அவன் வாயைத் திறக்குமுன் அவள் தொடங்கிவிட்டாள். நல்லதாகத்தான் போயிற்று என்றாள். அண்ணனைப் பிடித்துக்கொண்டு இருந்திருந்தால் தான் ஒருநாளும் இந்தப் பயணம் போயிருக்க மாட்டேன் என்றாள். அழுது முடித்துவிட்டேன், இனி அழமாட்டேன் என்றாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேறை ஆரும் வந்து அண்ணி அப்பிடிச் சொன்னவ எண்டு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டன், அண்ணா. சண்டைக்குப் போயிருப்பன். நீங்கள் சொன்னபடியால்தான் நம்பினனான். என்னட்டைப் பொய் சொல்லாத ஆள் நீங்கள் ஒராள்தான்.”

கேதீஸ்வரன் வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்த நாலு சொல்லில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

எனக்கு இந்த இடத்தில் அவன் முதுகில் இரண்டு போட வேண்டும் போலிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். சொல்லிவிட்டால் அவள் கோபிப்பாள், ஏசுவாள், பிறகு மன்னிப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் ‘பொய் சொல்லாத அண்ணன்’ என்று அவள் சொன்ன அந்தப் பட்டத்தைக் கழற்றி வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு ஏற்கெனவே அவள் பாட்டில் தன் இடத்தைப் பறிகொடுத்தவன், மிஞ்சிக் கிடந்த இந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணி ஏதும் சொல்லிவிட்டவவோ?” என்று இரஞ்சிதம் கேட்டாள். கேட்கும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. ஏதாவது சொல்லிவிட்டிருக்க மாட்டாளா என்ற ஏக்கம் அதில் அப்படியே தெரிந்தது.

“கவனமாய்ப் போயிட்டு வரட்டாம்.”

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

அவள் சரி என்று தலையாட்டினாள். இரவு வழியில் தங்கிவிட்டு நாளைக்கு மத்தியானம் அல்பரியில் சாப்பிட நிற்பார்களாம், அங்கிருந்து போன் எடுப்பதாகச் சொன்னாள். ரெஜ் காரிலிருந்து ஹோர்ன் அடித்தார். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெடுஞ்சாலையில் ஏறின. கடைசிக் கார் போன பிறகும் கேதீஸ்வரன் அந்த முற்றத்தில் நின்றான். மொட்டல்காரி வந்து அறை வேண்டுமா என்று கேட்டாள்.

*

யோகராணி மீனைச் சமைத்துவிட்டுச் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தாள். கார் வந்து நின்ற சத்தத்துக்கே கதவைத் திறந்துவிட்டாள்.

“சொன்னனீங்களோ?”

“ஓம்.”

“என்ன சொன்னவள்?”

கேதீஸ்வரன் குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். “சிரிச்சவள்.”

அதுவரை அழாத யோகராணி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மத்தியானம் உங்களோடு கொஞ்சம் கடுமையாகக் கதைத்துவிட்டேன், மனதில் வைக்க வேண்டாம் என்றாள். எந்தப் புருஷன் இப்படிப் போய்த் தங்கைக்கு முன்னால் தன் பிழையை ஒப்புக்கொள்வான் என்று சொல்லி, அவன் தட்டில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள். அவன் சாப்பிட்டான். மீன் எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது.

“நாளைக்கு மத்தியானம் போன் எடுக்கிறாளாம்,” என்று எப்படியோ அவன் வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது.

யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நல்லதாப் போச்சு. நீங்கள் எடுக்காதையுங்கோ, நான்தான் முதல் கதைப்பன். அண்ணா வந்து சொன்ன உடனை என்ன நினைச்சனி எண்டு அவளின்ர வாயாலை கேக்கவேணும்.”

கேதீஸ்வரன் தட்டைப் பார்த்தபடி ஓம் என்றான்.